பெஷாவரில் இறங்கிய துப்பாக்கிகள்

திருப்பூரில் 'ஆர்டர்' என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். வெளிநாட்டு ஆர்டர். அது வந்தால் பனியன் கம்பெனியில் விடிய விடிய மெஷின் ஓடும். வராவிட்டால் பவர்டேபிள்காரரும் கைமடிப்புக்காரரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். எங்கள் வளவில் ஒருவருக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. என் பெரியப்பா. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாயாக இருந்தவர். 1987இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர்.

பெயர்தான் அமைதிப்படை. 1987 ஜூலையில் ஒப்பந்தம், அக்டோபரில் யுத்தம். அந்த அக்டோபரில், தீபாவளி சமயத்தில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை திரும்பி வருவதற்குள் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரம் பேருக்கு மேல் செத்திருந்தார்கள். பெரியப்பா உயிரோடு வந்தார். ஆனால் அங்கே நடந்ததைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அகதி முகாமிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு ஈழத்துப் பெண்ணை, பெரியப்பாவின் மகள், என் அக்கா, ஒருநாள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அந்தப் பெண் சாப்பிட்டுக் கிளம்பும்வரை பெரியப்பா உள் அறையிலிருந்து வெளியே வரவில்லை.

அன்று ராத்திரி நான் கேட்டேன்: "மாட்டேன்னு சொல்லியிருக்க முடியாதுங்களா பெரியப்பா?"

"ஆர்டர் கண்ணு. சிப்பாய்க்கு அப்படி ஒரு வார்த்தையே கெடையாது."

அந்த வார்த்தையைச் சொன்ன சிப்பாய்கள் இருந்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்கும் தெரியாது. எம்.ஏ. வரை படித்தும் எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

1930 ஏப்ரல் 23, பெஷாவர். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. உப்புச் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்த நேரம். கான் அப்துல் கஃபார் கானைக் கைது செய்ததும் கிஸ்ஸா கவானி கடைவீதியில் சனம் திரண்டது. கூட்டத்துக்குள் கவச வண்டிகளை விட்டார்கள், ஆட்கள் நசுங்கினார்கள். பிறகு துப்பாக்கிச் சூடு. செத்தவர்களை அரசாங்கம் பத்துகளில் எண்ணியது, காங்கிரஸ் நூறுகளில் எண்ணியது.

அந்த வீதியில் ராயல் கட்வால் ரைபிள்ஸின் இரண்டாம் பட்டாலியனும் நிறுத்தப்பட்டிருந்தது. மலைநாட்டு இந்துச் சிப்பாய்கள். எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் பட்டாணிய முஸ்லிம்கள். மதம் வேறு என்பதால் கை நடுங்காது என்பது வெள்ளைக்காரன் கணக்கு. சுடச் சொல்லி ஆர்டர் வந்தது. ஹவில்தார் சந்திர சிங் கட்வாலி சுடாதே என்று குரல் கொடுத்தார். துப்பாக்கிகள் இறங்கின. மறுநாள் அந்தச் சிப்பாய்கள் ஊருக்குள் காவலுக்குப் போகவும் மறுத்தார்கள்.

இவர்களைக் கோழைகள் என்று சொல்ல வழியில்லை. சந்திர சிங் 1914இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1915இல் பிரான்சிலும் 1917இல் மெசபடோமியாவிலும் சண்டை போட்டவர். சண்டையைக் கண்டு அவர் பயப்படவில்லை. கையில் ஆயுதமில்லாதவனைச் சுடுவது சிப்பாய் வேலை இல்லை என்றுதான் மறுத்தார்.

அபோட்டாபாத்தில் ராணுவ விசாரணை நடந்தது. வழக்கறிஞர் முகுந்தி லால் வாதாடினார். சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை. மற்றவர்களுக்கு 3 ஆண்டிலிருந்து 15 ஆண்டு வரை சிறை. வேலை போச்சு, பென்ஷன் போச்சு, சொத்தும் போச்சு. சந்திர சிங் வெளியே வந்தது 1941இல். பதினோரு வருசம்!

சிறையில் கிடந்த இவர்களை விடுதலைப் போராட்டத் தலைமை என்ன செய்தது? 1931 மார்ச் 5இல் காந்தி - இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. சத்தியாகிரகக் கைதிகள் வெளியே வந்தார்கள். உத்தரவை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்ட சிப்பாய்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் இந்த விடுதலை பொருந்தாது என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. 1932இல் வெளியான ஒரு பேட்டியில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கட்வாலிச் சிப்பாய்களைப் பற்றிக் காந்தியிடமே கேட்டார். சுட மறுக்கும் சிப்பாய் தான் செய்த சத்தியத்தை மீறுகிறான், இன்று மறுக்கச் சொல்லிக் கொடுத்தால் நாளை நம் ஆட்சியிலும் மறுப்பான் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார்.

அகிம்சையைப் போதித்தவரின் பதில் இது. ஆட்சி கைமாறலாம், ஆர்டர் மட்டும் கைமாறாமல் அப்படியே நிற்க வேண்டும். கீழே நிற்பவன் ஒரு ஆர்டரை எடைபோட்டுப் பார்க்கப் பழகிவிட்டால் அதோடு நிறுத்துவானா? ஊர்க் கட்டளையையும் எடைபோடுவான், சாதிக் கட்டளையையும் எடைபோடுவான். மேலே இருப்பவர்களுக்கு உள்ள பயம் இதுதான்.

இங்கே நமக்கு ஒரு சங்கடம் உண்டு. மறைக்க வேண்டியதில்லை. சந்திர சிங் தலித் அல்ல. போர்க்குடி என்று வெள்ளைக்காரன் ஏற்றுக்கொண்ட சாதியிலிருந்து வந்தவர். நமக்கோ பட்டாளத்துக்குள் நுழைவதே ஒரு போராட்டம். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார். அம்பேத்கர் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில், 1891இல். அடுத்த சில வருசங்களிலேயே போர்க்குடிக் கொள்கையைக் காட்டி மகர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். கோபால் பாபா வலங்கர் மனுப் போட்டார். முதல் உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டபோது சேர்த்தார்கள், தேவை முடிந்ததும் கலைத்தார்கள். மகர் ரெஜிமென்ட் வந்தது 1941இல்தான். உள்ளே விடு என்று இத்தனை வருசம் கேட்ட நாம், உள்ளே போய் மாட்டேன் என்று சொன்னவனை எப்படிக் கொண்டாடுவது?

என் பெரியப்பாவையே எடுத்துக்கொள்வோம். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நம் ஆட்கள் நடந்த ஊர்த்தெருவில் பூட்ஸ் காலோடு நடந்த முதல் ஆள் அவர். வளவில் முதல் தார்சு வீடு அவர் சம்பளத்தில் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் அவர் மாட்டேன் என்றிருந்தால்? ஜெயில். அதற்குப் பிறகு பண்ணாடியின் தோட்டம். மறுக்கிறவனுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை நமக்கு இந்தச் சமூகம் விட்டுவைத்திருக்கிறதா?

2006இல் அமெரிக்க லெப்டினன்ட் எஹ்ரன் வடாடா, ஈராக் போர் சட்டவிரோதமானது, அங்கே போகமாட்டேன் என்று பகிரங்கமாக மறுத்தார். உலகமே பேசியது. 2007 பிப்ரவரியில் ராணுவ விசாரணை பாதியில் முறிந்தது, 2009இல் அவரைப் படையிலிருந்து வெளியேற்றினார்கள். அவருடைய துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதிகாரி மறுத்தால் அதற்கு மனசாட்சி என்று பெயர். சிப்பாய் மறுத்தால் கலகம். பனியன் கம்பெனியில் ஒரு பெண் மறுத்தால் திமிர்.

அந்தத் திமிர் பட்டத்தை என் அக்காவும் வாங்கினாள். அவசர ஆர்டர், பகல் ஷிப்ட் முடிந்து அப்படியே ராத்திரி ஷிப்ட்டும் பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது நாள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மறுநாள் காலை கேட்டில் நிறுத்தி, வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பயந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

பெரியப்பா திட்டவில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய்ப் பென்ஷன் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "வேற கம்பெனி கெடைக்கற வரைக்கும் வெச்சுக்க. என்னால சொல்ல முடியல. நீ சொல்லிட்ட."

சந்திர சிங் 1979இல் செத்தார். 1994இல் அரசாங்கம் அவர் தலையைப் போட்டு ஒரு ஸ்டாம்ப் வெளியிட்டது. செத்தபின் ஸ்டாம்ப் அடிப்பது அரசாங்கத்தின் வேலை. உயிரோடு இருக்கும்போதே, மறுத்தவன் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது இயக்கத்தின் வேலை. உள்ளே நுழையும் உரிமைக்காக நாம் செய்த போராட்டமும், உள்ளே நின்று மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் ஒரே சுயமரியாதையின் இரண்டு பக்கங்கள்தான். முதலாவதற்கு நம்மிடம் சங்கங்கள் உண்டு, மனுக்கள் உண்டு, நினைவுத்தூண்கள் உண்டு. இரண்டாவதற்கு எங்கள் வளவில் இருந்தது ஒரு கிழவரின் பென்ஷன் மட்டும்தான். அவரும் போய்விட்டார்.