பெயரை மாற்றிக்கொண்டவர்கள்: புதுச்சேரி, 1881



சில மாதங்களுக்கு முன் கீரமங்கலம் கடைத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் நம் குடியிருப்புத் தம்பி ஒருவர் வெளிநாட்டு வேலைக்காகப் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். கணினி முன் இருந்த பெண் "சர்நேம் என்ன?" என்று கேட்டார். "அப்பா பேருதான்க்கா இனிஷியல்" என்றார் தம்பி. "இனிஷியல் இல்ல தம்பி, சர்நேம்." தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்ற இன்னொருவர், "எங்களுக்குப் பட்டப்பேரு இருக்கு, அதைப் போட்டுருவோம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார்.

அந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அது சின்ன விஷயம் அல்ல. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். இடைப்பட்ட நாட்களில் டிக்கெட் போட்டுவிட்டுத் தவித்தவர்கள் யாரென்று யோசித்துப் பாருங்கள்.

தமிழர்களுக்குப் பொதுவாகவே குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு என்று சொல்லுவோம். அது பாதி உண்மை. இந்தப் புதுக்கோட்டைச் சீமையில் தொண்டைமான், சேர்வை, அம்பலம் என்று தொடங்கி வம்சப் பட்டப்பெயர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. நிலம், கோயில் மரியாதை, ஊர்க்கூட்டத்தில் உட்காரும் இடம் எல்லாம் அந்தப் பட்டத்தோடு சேர்ந்தே வந்தன. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன் போன்றோர் விட்டார்கள். வரலாற்றில் அது பெரிய காரியம்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விடுவதற்கு நம்மிடம் பட்டம் இருந்ததா? நம் பாட்டன்மார் பெயருக்குப் பின்னால் மற்றவர்கள் ஒட்டியது பட்டம் அல்ல, சாதிப்பெயர். அவர்களுக்கு வால் மரியாதையாக இருந்தது, நமக்கு அடையாளம் காட்டும் சூடாக இருந்தது.

அதனால்தான் நம் வரலாற்றில் பெயர் மாற்றம் என்பது பெரும்பாலும் விடுவதாக இல்லாமல் எடுத்துக்கொள்வதாக இருக்கிறது. காத்தவராயனாகப் பிறந்தவர் தம் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது, எந்தச் சொல்லை வைத்து இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பாக்கிப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். எம்.சி. ராஜா 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' வந்தது. அண்ணலின் பெயரையும் இங்கே நினைக்க வேண்டும். தந்தை ராம்ஜியின் குடும்பப் பெயர் சக்பால். ஊர் ரத்னகிரிப் பக்கத்து அம்படவே. ஊர்ப் பெயரிலிருந்து வந்த அம்படவேகர் பள்ளிப் பதிவில் அம்பேத்கர் ஆனது. தன்மேல் அன்பு வைத்த ஆசிரியர் ஒருவரின் குடும்பப் பெயர் அது என்றும் சொல்வார்கள். 1900 நவம்பர் 7இல் சாதாராவில் பள்ளியில் சேர்ந்த அந்த நாளை மகாராஷ்டிர அரசு மாணவர் நாளாக வைத்திருக்கிறது. மராட்டியத்தில் குடும்பப் பெயராக இருக்கும் அது நம்மூர்களில் பிள்ளைகளுக்கு இடும் பெயராகிவிட்டது. இந்தக் கூட்டத்திலேயே அந்தப் பெயருடைய தம்பிகள் இருப்பீர்கள்.

இவையெல்லாம் தனி மனிதரோ இயக்கமோ எடுத்த முடிவுகள். ஒரு சட்டமே வந்து, "உன் சாதி வழக்கத்தை விட்டு வெளியே வா, வரும்போது உனக்கும் உன் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரை நீயே தேர்ந்தெடுத்துக்கொள்" என்று சொன்ன இடம் தமிழ் நிலத்தில் ஒன்றே ஒன்றுதான். அது பிரெஞ்சுப் புதுச்சேரி.

அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று புரிய, அதற்கு முன்னால் இருந்ததைப் பார்க்க வேண்டும். 1789இல் சமத்துவம் பேசிய பிரான்சு, இங்கே 1819 ஜனவரி 6இல் போட்ட ஆணை என்ன சொன்னது? இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படியே நீதி செய்வோம் என்றது. அந்த வழக்கம் எது என்று எடுத்துச் சொல்ல 1827இல் இந்தியச் சட்ட ஆலோசனைக் குழு ஒன்றையும் அமைத்தார்கள். வழக்கத்தைச் சொல்லும் இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆக, சாதி என்பது புதுச்சேரியில் வெறும் ஊர்ப் பழக்கமாக இல்லை, பிரெஞ்சு நீதிமன்றம் காத்த சட்டமாகவே இருந்தது. கோயிலிலும் அதே நிலைதான். சம்பா கோயிலுக்குள் பறையர் கிறித்தவரையும் சாதிக் கிறித்தவரையும் பிரித்த சுவரைப் பற்றியும், அதை எதிர்த்து எழுந்த குரலைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745லேயே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பிள்ளையின் அனுதாபம் எந்தப் பக்கம் என்பது வேறு கதை.

1873இல் பொன்னுத்தம்பி என்ற வழக்குரைஞர் ஐரோப்பியர் போலக் காலுறையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியன் சப்பாத்தோடு உள்ளே வரக்கூடாது என்றார் நீதிபதி. பொன்னுத்தம்பி விடவில்லை, வழக்கைப் பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் வென்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த வழக்கின் கனத்தை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொன்னுத்தம்பி நம்மவர் அல்லர். அவர் வேளாளக் கிறித்தவர், பிள்ளைப் பட்டம் உள்ள குடும்பம்.

1881 செப்டம்பர் 21இல் பிரெஞ்சுக் குடியரசின் ஆணை வந்தது. எந்தச் சாதியாரும் எந்த மதத்தாரும், ஆணோ பெண்ணோ, 21 வயது நிறைந்தவர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம். துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. கணவன் துறந்தால் மனைவியும் வயதுவராப் பிள்ளைகளும் அதில் சேர்ந்துவிடுவார்கள். துறப்புப் பத்திரத்திலேயே தனக்கும் தன் சந்ததிக்குமான குடும்பப் பெயரை எழுதிக்கொடுக்க வேண்டும். இப்படித் துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். பிரெஞ்சில் அதற்குத் துறந்தவர் என்றுதான் பொருள்.

பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லப்போர்த். பிரெஞ்சில் 'கதவு'. தான் ஒரு கதவைத் திறந்ததாக அவர் நினைத்தார் என்பார்கள். கதவைத் திறந்தவர் பிள்ளைமார், அதில் நுழைந்தவர்களில் நிறையப் பேர் நாம். துறந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள், அவர்களில் கணிசமானோர் சேரிகளிலிருந்து வந்தவர்கள். சாதி இந்துக்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் வரவில்லை. வழக்கச் சட்டத்தைத் துறந்தால் அவர்களுக்கு இழப்பு, நமக்கோ இழக்க என்ன இருந்தது?

பெயர்களைத் தேர்ந்த விதமும் பார்க்கத் தக்கது. சிலர் பிரெஞ்சுச் சொற்களையும் புனிதர் பெயர்களையும் குடும்பப் பெயராக்கினார்கள். சிலர் தகப்பன் பெயரையோ தங்கள் சொந்தத் தமிழ்ப் பெயரையோ பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நிலைப்படுத்தினார்கள். தமிழில் கேட்டால் பழக்கமான பெயர், எழுத்தில் பார்த்தால் அந்நியம். புதுச்சேரிக்காரர்களின் சான்றிதழ்களில் 'உ' வருமிடத்தில் 'ஓ', 'யு' என இரண்டு ரோமன் எழுத்துகளும், 'ன்' முடிவில் ஓர் 'ஈ' எழுத்தும் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது துறந்தவர்களுக்கு மட்டும் உரியதன்று, பிரெஞ்சுப் பதிவேட்டின் கைரேகை. எப்படியானாலும், கேட்டவுடன் சாதி தெரியாத ஒரு பெயர், அதுவும் சட்டப்படி, அதுவும் பிள்ளை பேரப்பிள்ளைக்கும் சேர்த்து. நம் மக்களுக்கு அது வரை யாரும் தராதது அது.

பிறகு என்ன நடந்தது? ரெனோன்சான்கள் ஐரோப்பியரோடு ஒரே வாக்காளர் பட்டியலில் வருவோம் என்று எதிர்பார்த்தார்கள். 1884இல் அரசு மூன்று பட்டியல் போட்டது: ஐரோப்பியர், துறந்தவர், துறவாதவர். சட்டம் பிரெஞ்சுக்காரன் என்றது, பட்டியல் இல்லை என்றது. புதுச்சேரி அரசியலைப் பல ஆண்டுகள் கையில் வைத்திருந்த சண்முக வேலாயுத முதலியார் வழக்கத்தைக் காக்கும் அணியின் தலைவர். துறப்பு அவருக்கு ஆகாது. எண்ணிக்கையில் சிறியவர்களான ரெனோன்சான்களுக்குத் தனிப் பட்டியல் இருந்ததும் ஆகாது. 1899இல் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது. கடுமையான நிபந்தனைகளை நிறைவு செய்த சிலர் மட்டும் ஐரோப்பியர் பட்டியலுக்குப் போக, மற்றவர்கள் எந்தச் சாதி அமைப்பிலிருந்து வெளியேறினார்களோ அதே பெரும்பான்மையின் பட்டியலுக்குத் திரும்பினார்கள். பத்திரத்தைத் திரும்பப் பெற முடியாது, ஆனால் பத்திரம் கொடுத்த அரசியல் பலனைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முடிந்தது. நம் காலத்துக்கும் பொருந்தும் பாடம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அந்தப் பெயரின் முழு மதிப்பு தெரிந்தது ஊரைவிட்டு வெளியே போனபோதுதான். சைகோனுக்கும் இந்தோசீனாவின் மற்றப் பகுதிகளுக்கும் போன ரெனோன்சான்கள் சுங்கம், காவல், தபால் முதலிய துறைகளில் அரசு வேலைகளில் அமர்ந்தார்கள். குடியுரிமையைக் காட்டி ஐரோப்பியருக்கான ஊதிய நிலையையும் வாக்குரிமையையும் கேட்டுப் போராடினார்கள். அங்கே அவர்கள் காலனியாட்சியின் ஊழியர்கள், வியட்நாமிய மக்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதிகாரத்தின் கை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கே ஒடுக்கப்பட்டவன் அங்கே யாராக நின்றான் என்ற கேள்வி சங்கடமானதுதான்.

அதே காலத்தில் கூலிகளாகக் கடல் கடந்தவர்களின் கதை வேறு மாதிரி. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் போய் நின்றது. ஒப்பந்தக் கூலிகளின் பதிவேட்டில் சாதிக்கென்று ஒரு பத்தி உண்டு. ஆனால் நாளடைவில் தகப்பனின் பெயரே குடும்பப் பெயராக உறைந்துபோனது. முனுசாமியும் பெருமாளும் மாரிமுத்துவும் அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் பெயர்கள். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனது, முதலி 'மூட்லி' ஆனது. கப்பலிலும் கரும்புத் தோட்டத்திலும் உயர்ந்த பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டவர்களும் உண்டு. எந்தப் பத்திரமும் இல்லாமல் அவர்கள் செய்ததைப் புதுச்சேரியில் முத்திரை போட்டுச் செய்தார்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன். எனக்கு இந்த விஷயத்தில் தூக்கம் கெடுவது இங்கேதான்.

1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்தது. அதன்பின் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு ரெனோன்சானாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஐந்தாயிரம் பேர் அளவுக்குத்தான் எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களையும், படையிலிருந்து ஓய்வு பெற்றுப் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் 'சொல்தா'க்களையும் இன்றும் புதுச்சேரியில் பார்க்கலாம். மற்ற ரெனோன்சான் குடும்பங்கள் இந்தியர்கள் ஆனார்கள், பெயரில் மட்டும் பிரான்சு.

இந்தச் சந்ததியார் இன்று எத்தனை பேர்? பிரான்சில் 'இன்சே' என்ற அரசுப் புள்ளியியல் நிறுவனம் 1891 முதல் பிறந்தவர்களின் குடும்பப் பெயர்களை வட்டார வாரியாக எண்ணி வைத்திருக்கிறது. ஆனால் லப்போர்த் போன்ற பெயர் அங்கே சர்வசாதாரணம். நம் ஊரில் அரிதாக ஒலிக்கும் பெயர் அந்தப் பட்டியலில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுக்காரருக்குள் கரைந்துவிடும். பூர்வீகம் வாரியாகவோ மதம் வாரியாகவோ அந்த நாடு கணக்கெடுப்பதில்லை. இந்தியா நேர்மாறு. இங்கே குடும்பப் பெயரை எண்ணுவதில்லை, பட்டியல் சாதியை எண்ணுகிறோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, புதுச்சேரியில் 15.7 விழுக்காடு. புதுச்சேரியில் கிறித்தவர் 6.3 விழுக்காடு. ஆனால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களும், பின்னர் சேர்க்கப்பட்ட சீக்கியரும் பௌத்தரும் மட்டுமே பட்டியல் சாதி. கிறித்தவராக இருப்பவர் அந்த எண்ணில் வரமாட்டார். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. தடை அப்படியே இருக்கிறது.

ஆக, 1881இல் சேரியிலிருந்து நடந்துபோய்ப் பத்திரத்தில் கைநாட்டு வைத்த ஒருவரின் கொள்ளுப்பேத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் அவள் பெயர் எண்ணப்படும், அவள் எங்கிருந்து வந்தாள் என்பது எண்ணப்படாது. இந்தியாவில் அவள் சாதி திருமணத்தின்போதும் கல்லறைத் தோட்டத்திலும் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும், கணக்கெடுப்பின் பட்டியல் சாதிப் பத்தியில் மட்டும் தெரியாது. சாதியை மறைக்கும் பெயரை அவளுக்குத் தந்தார்கள், சாதியை ஒழிக்கவில்லை. இதனால் அந்த மூதாதை செய்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் வரிசையில் நின்றிருப்பேன்.

2025 ஏப்ரல் 30இல் ஒன்றிய அரசு, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதியையும் கணக்கெடுப்போம் என்று அறிவித்திருக்கிறது. மதம் மாறிய நம் உறவுகள் அந்தப் பத்தியில் என்ன சொல்வார்கள், எழுதுபவர் எதை எழுதுவார் என்பது இனிமேல்தான் தெரியும். அதற்கு முன் நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, மாணவர்களிடம் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குடியிருப்பில் மிக வயதானவர்களிடம் போய் அவர்களின் தாத்தா, பாட்டி பெயரைக் கேட்டு எழுதுங்கள். அந்தப் பெயரை ஊருக்குள் எப்படிக் கூப்பிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் எப்படி எழுதினார்கள், ரேஷன் அட்டையில் எப்படி வந்தது, வெளிநாடு போனவர்கள் பாஸ்போர்ட்டில் எப்படி ஆனது என்று நான்கு பத்தி போடுங்கள். பெண்களின் பெயர்களை விடாதீர்கள், அவைதாம் முதலில் தொலைகின்றன. கீரமங்கலத்திலிருந்து தொடங்கலாம். நாற்பது பக்க நோட்டுகள் வாங்கி வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம், போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்.