'மாதிரி' என்ற ஒரு சொல்

எங்கள் பூங்காவுக்குக் காலை நடைக்கு வருகிறவர்களில் ஒருவர் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். எதையும் விடாமல் படிப்பவர். போன மாதம் அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விமானம் மோதி விழவில்லை, உள்ளே வெடி வைத்துத்தான் தகர்த்தார்கள் என்பது அதன் வாதம். மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்ததுமே பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஃபயர் சர்வீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். அங்கே உங்க ஆளுங்களே நூத்திப் பதினெட்டு பேர் வெடிச்சத்தம் கேட்டதா சொல்லியிருக்காங்க. அத்தனை பேரும் பொய் சொல்றாங்களா சார்?"

"பொய் சொல்லலை சார்."

"அப்ப வெடி வச்சதுதானே?"

அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வி நியூயார்க்கைத் தாண்டி என் சொந்த வாழ்க்கையில் ஒரு பழைய இடத்தைத் தொட்டுவிட்டது. அதை எழுதித்தான் தீர்க்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அந்த நாளைப் பார்த்துவிடுவோம். 2001 செப்டம்பர் 11. காலை 8.46க்கு முதல் விமானம் வடக்குக் கோபுரத்தில் மோதியது. 9.03க்கு இரண்டாவது விமானம் தெற்குக் கோபுரத்தில். பின்னால் அடிபட்ட தெற்குக் கோபுரம் 56 நிமிடத்தில், 9.59க்கு விழுந்தது. வடக்குக் கோபுரம் 10.28க்கு. இரண்டும் 110 மாடிகள். நியூயார்க்கில் இறந்தவர்கள் 2,753 பேர். அவர்களில் 343 பேர் அந்த நகரத்துத் தீயணைப்புத் துறையைச் சேர்ந்தவர்கள். இந்த எண்ணை என்னால் இன்றும் சாதாரணமாகப் படித்துவிட முடிவதில்லை.

அதே ஆண்டு அக்டோபரிலிருந்து 2002 ஜனவரி வரை, உயிர் பிழைத்த தீயணைப்பு வீரர்களையும் ஆம்புலன்ஸ் பணியாளர்களையும் அந்தத் துறையே பேட்டி கண்டு பதிவு செய்தது. ஏறத்தாழ 500 பேர், சுமார் 12,000 பக்கங்கள். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வழக்குத் தொடுத்து வென்ற பிறகு, 2005 ஆகஸ்டில் அவை வெளியாயின. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரேம் மெக்வீன் அவற்றைப் படித்து, 118 பேர் வெடிப்பை உணர்த்தும் சொற்களில் பேசியிருக்கிறார்கள் என்று 2006இல் எழுதினார். என் நண்பர் சொன்ன எண் இதுதான். எண்ணில் தவறில்லை.

ஆனால் அந்தச் சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வருவது 'வெடித்த மாதிரி', 'குண்டு போட்ட மாதிரி' என்ற பேச்சுதான். சிலர் அந்த நொடியில் குண்டு என்றே நினைத்ததாகவும், கட்டடமே விழுகிறது என்பது பிறகுதான் புரிந்ததாகவும் சொல்கிறார்கள். குண்டு என்று அவர்களுக்கு ஏன் தோன்றியது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1993 பிப்ரவரி 26 அன்று இதே வடக்குக் கோபுரத்தின் அடித்தளத்தில் ஒரு வேனில் குண்டு வைத்து வெடித்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் பெரிய சத்தம் கேட்டால் ஒரு தீயணைப்பு வீரனுக்கு முதலில் எது நினைவுக்கு வரும்?

இனி சத்தத்தைப் பற்றி. தீ என்றால் புகையும் வெளிச்சமும் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். உள்ளே போனவனுக்குத் தீ என்பது பாதி சத்தம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சூடேறினால் தீபாவளிச் சரம் போலப் படபடவென்று வெடிக்கும். மூடிய பெயிண்ட் டின், லாரி டயர், டிரான்ஸ்ஃபார்மர், காஸ் சிலிண்டர் எல்லாம் வெடிக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டு தெறிக்கும். இத்தனையும் வெடிமருந்து ஒரு கிராம்கூட இல்லாமல்.

கோபுரங்களில் இதற்கு மேலும் நடந்தது. விமான எரிபொருள் லிஃப்ட் குழிகள் வழியாகக் கீழே இறங்கித் தீப்பிழம்பாக லாபிவரை வந்தது. ஒவ்வொரு மாடியும் சுமார் ஒரு ஏக்கர் பரப்பு. அப்படிப்பட்ட தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும்போது எழும் ஓசை எப்படி இருந்திருக்கும்?

இன்னொரு சத்தமும் உண்டு. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அன்று நாடே என்ற பிரெஞ்சு சகோதரர்களில் ஒருவர் வடக்குக் கோபுரத்தின் லாபியில் கேமராவோடு நின்றார். அவர் எடுத்த படத்தில் வெளியே அடிக்கடி 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஒவ்வொரு முறையும் தீயணைப்பு அதிகாரிகள் தலையைத் திருப்புவார்கள். மேலே சூடு தாங்காமல் விழுந்த மனிதர்கள் தரையில் மோதிய சத்தம் அது.

இப்போது என் கதை. எண்பதுகளில் ஒரு சிறு நகரத்தில் நான் நிலைய அலுவலராக இருந்தபோது, இரவு இரண்டு மணிக்கு ஒரு குடோன் எரிந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நாங்கள் ஹோஸைப் பிரித்துக்கொண்டிருந்தபோதே உள்ளே அடுத்தடுத்து நாலைந்து முறை பலத்த ஓசை. விடிந்ததும் போலீஸ் வாக்குமூலம் கேட்டது. "குண்டு வெடிச்ச மாதிரி சத்தம் கேட்டுது" என்றேன். எழுதிக்கொண்டவர் "குண்டு வெடித்த சத்தம் கேட்டது" என்று எழுதியிருக்கிறார். இரவெல்லாம் தூங்காத அலுப்பு, நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

குடோன்காரரைக் கூட்டிப்போய் மூன்று நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். கள்ளத்தனமாக வெடிமருந்து வைத்திருந்தார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. கடைசியில் சாம்பலைக் கிளறிப் பார்த்தால், வார்னிஷ் டின்களும் உடைந்த ஓட்டுச் சில்லுகளும்தான். விட்டுவிட்டார்கள். ஆறு மாதம் கழித்துக் கடைவீதியில் என்னைப் பார்த்தவர், கோபப்படாமல் ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்கதான் குண்டுச் சத்தம் கேட்டதா சொன்னீங்களாமே, ஐயா?"

நான் சொன்ன 'மாதிரி' எங்கேயோ விழுந்துவிட்டது. அதற்கு விலை கொடுத்தது அவர்.

சத்தம் கேட்டது என்பது சாட்சியம். அது என்ன சத்தம் என்பது விசாரணை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டக்கூடாது. அப்படியானால் வெடி வைத்துத் தகர்ப்பதற்கு என்ன அடையாளம் என்று பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்ட் 28 அன்று நொய்டாவில் இரட்டைக் கோபுரத்தைத் தகர்த்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். 3,700 கிலோ வெடிமருந்து. முதலில் சரசரவென்று வரிசையாக வெடிகள், அதன் பிறகு அடியிலிருந்து சரிவு. 1998இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹட்சன் என்ற பழைய கடைக் கட்டடத்தைத் தகர்த்தபோது 4,118 வெடிகளைப் பொருத்த 24 நாட்கள் ஆயின. சுவரை உடைத்துத் தூண்களைத் திறந்து வைத்துத்தான் இதைச் செய்ய முடியும்.

நியூயார்க் கோபுரங்கள் அடியிலிருந்து சரியவில்லை. விமானம் மோதித் தீ எரிந்த மாடிகளிலிருந்துதான் சரிவு தொடங்கியது. அங்கே வெடி இருந்திருந்தால், அது விமானத்தின் மோதலையும் ஒரு மணி நேரத் தீயையும் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சரிவதற்குப் பல நிமிடங்களுக்கு முன்பே வெளித்தூண்கள் உள்பக்கமாக வளைவதைப் படங்கள் காட்டுகின்றன. தொய்ந்த தளங்கள் தூண்களை இழுத்த இழுப்பு அது. 'எஃகு உருக 1,500 டிகிரி வேண்டுமே' என்பார்கள். உருக வேண்டியதில்லை. 600 டிகிரியிலேயே எஃகு தன் பலத்தில் பாதியை இழந்துவிடும். சத்தமில்லாமல் எஃகை அறுக்கும் தெர்மைட்டைப் பயன்படுத்தினார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அப்படியானால் வெடிச்சத்தம் அவர்களுக்குச் சாட்சி ஆகாது. இரண்டு கட்சியும் ஒருவரே பேச முடியாது.

என் நண்பர் விடவில்லை. "ஏழாம் நம்பர் கட்டடம்? அதுல விமானமே மோதலையே?" நியாயமான கேள்விதான். 47 மாடி. மாலை 5.20க்கு விழுந்தது. குழாய்கள் உடைந்து ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் இல்லாமல், நாள் முழுக்க அணைப்பாரின்றி எரிந்தது. அந்த அரசின் தர நிர்ணய ஆய்வு நிறுவனமான நிஸ்ட் 2008இல் தந்த அறிக்கையின்படி, சூட்டில் விரிந்த உத்தரங்கள் 13ஆம் தளத்தில் ஒரு முக்கிய உத்தரத்தைத் தள்ளிவிட, 79ஆம் எண் தூண் தாங்கலின்றி வளைந்தது. வெளிச்சுவர் இறங்குவதற்குச் சுமார் ஏழு நொடி முன்பே மொட்டைமாடியின் கிழக்குக் கூடம் உள்ளே அமிழ்வது படத்தில் தெரிகிறது. அந்தத் தூணை வெடி வைத்து உடைத்திருந்தால், அரை மைல் தூரத்திலும் 130 முதல் 140 டெசிபல் சத்தம் கேட்டிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அப்படி ஓர் ஓசை எந்தப் பதிவிலும் இல்லை.

இதில் கேள்வி கேட்டவர்களுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். டேவிட் சாண்ட்லர் என்ற பள்ளி இயற்பியல் ஆசிரியர், ஏழாம் கட்டடம் சிறிது நேரம் தடையே இல்லாமல் விழுந்தது என்று அளந்து காட்டினார். முதல் வரைவில் அதை ஏற்காத நிஸ்ட், இறுதி அறிக்கையில் 2.25 நொடி அப்படித்தான் விழுந்தது என்று ஒப்புக்கொண்டது. எட்டு மாடி உயரத்துக்கு வெளித்தூண்கள் மடங்கியதால் தாங்க எதுவுமில்லை என்று விளக்கமும் தந்தது. அதை ஏற்காத இன்ஜினியர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் என் மனதைத் தொட்டது வேறொன்று. அன்று பிற்பகலே கட்டடம் முனகுவதைக் கேட்டு, சுவர் புடைத்திருப்பதைப் பார்த்து, தீயணைப்பு அதிகாரிகள் ஆட்களைப் பின்வாங்கச் சொல்லிவிட்டார்கள். காலையில் 343 பேரை இழந்தவர்கள் அவர்கள். அந்தக் கட்டடம் விழுந்தபோது ஒரு உயிர்கூடப் போகவில்லை. அவர்கள் சத்தத்தைச் சரியாகக் கேட்டதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இதையெல்லாம் நண்பரிடம் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். குடோன்காரரைப் பற்றியும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"முழுசா ஒத்துக்கிட்டேன்னு நினைக்காதீங்க சார்" என்றார் எழுந்திருக்கும்போது. "ஆனா இனிமே அந்த நூத்திப் பதினெட்டைச் சொல்லும்போது, 'மாதிரி'யையும் சேர்த்துச் சொல்றேன்."

எனக்கு அது போதும். அந்தக் குடோன்காரர் இப்போது இல்லை. இருந்திருந்தால் அவருக்கும் அது போதுமாயிருந்திருக்குமா, தெரியவில்லை.