இலங்கையின் முருகைக்கற்பாறை மீன்கள்

இலங்கையைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலில், முருகைக்கற்களை அண்டி வாழும் மீன்களை இப்பெயர் குறிக்கும். தமிழ்நாட்டில் பவளப்பாறை எனப்படுவதை இலங்கைத் தமிழர் முருகைக்கல் என்பர்; மன்னார் வளைகுடா மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் ‘பார்’ என்பர். கற்பிட்டிக்கு மேற்கேயுள்ள பார் ரீஃப் 1992இல் கடற்சரணாலயமாக்கப்பட்டது. அங்கு 156 வகை முருகைகளும் 283 வகை மீன்களும் பதிவாகியுள்ளன. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவில் மீன் வகைகள் ஏறத்தாழ 300. தென்மேற்கில் பெயர்பெற்றது ஹிக்கடுவ. 2002 முதல் அது தேசியப் பூங்கா.

இம்மீன்களின் தமிழ்ப் பெயர்களில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சட்டிக்கு வரும் மீனுக்குப் பழம்பெயர் உண்டு: கலவாய், விளைமீன், நகரை, ஒட்டி, ஓரா, கிளாத்தி. அஞ்சி ஒதுக்கப்படுபவற்றுக்கும் உண்டு: பாறைப் பொந்திலிருந்து தலைநீட்டும் அஞ்சாலை, உடலில் கொடிய நஞ்சுள்ள பேத்தை. கறிக்கும் உதவாமல் கேடும் செய்யாமல் நிறத்தால் மட்டும் அறியப்படும் வண்ணத்துப்பூச்சி மீன், கோமாளி மீன் போன்றவற்றின் பெயர்கள் பெரும்பாலும் அண்மையில் மொழிபெயர்ப்பாக வந்தவை. ஆனால் பாறையின் நலத்தை முதலில் காட்டிக்கொடுப்பவை இப்பிரிவு மீன்களே.

வண்ணத்துப்பூச்சி மீன்கள் தட்டையான உடலும் கூரிய சிறுவாயும் கொண்டவை. பெரும்பாலும் சோடியாகத் திரியும். பலவற்றில் கண்ணை மறைத்துக் கரும்பட்டை ஓடும். கண் எங்கே என்று எதிரிக்குப் புலப்படாமலிருக்க அது உதவுவதாகக் கருதப்படுகிறது. முருகை உயிரிகளைக் கொத்தித் தின்பவை, புழுக்களையும் பிற சிற்றுயிர்களையும் சேர்த்துத் தின்பவை என இவை வேறுபடும். அம்புக்குறி போன்ற கோடுகளை உடலில் உடைய ஓரினம் ஏறத்தாழ முழுக்கவும் கிளைமுருகையையே நம்பி வாழ்கிறது. கிளைமுருகை அழிந்த இடத்தில் அது நிலைப்பதில்லை. எல்லாவற்றையும் தின்னும் இனங்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன.

பாசி மேய்பவை வேறொரு கூட்டம். கிளிமீன்களின் பற்கள் ஒன்றோடொன்று இணைந்து அலகாகியிருக்கும். கல்லைச் சுரண்டிப் பாசியையும் நுண்ணுயிர்களையும் உண்ணும்போது சுண்ணாம்பும் உள்ளே போகிறது. தொண்டையிலுள்ள அரைபற்கள் அதைப் பொடியாக்க, அது மணலாக வெளிவருகிறது. முருகைக் கரைகளின் வெண்மணலில் இம்மீன்களின் பங்கு பெரிது. இவை அருகில் மேயும்போது கல்லைக் கொறிக்கும் ஓசை நீருக்குள் தெளிவாகவே கேட்கும். சில இனங்கள் இரவில் வாயிலிருந்து சுரக்கும் சளிப் பையைப் போர்த்திக்கொண்டு உறங்குகின்றன. வாழ்நாளில் நிறமும் பாலும் மாறுவதால், ஒரே இனத்தை இரண்டாக எண்ணி முன்னாளைய ஆய்வாளர் தனித்தனிப் பெயரிட்டதும் உண்டு.

அறுவை மீன்களும் பாசி மேய்பவை. வாலடியின் இருபுறமும் கத்தி போன்ற முள் இருப்பதால் இப்பெயர். நீல உடல், கரிய முகம், மஞ்சள் முதுகுத்துடுப்பு என அமைந்த நீல அறுவை மீனுக்கு 1833இல் எட்வர்ட் டர்னர் பென்னெட் இலங்கை மாதிரியைக் கொண்டே பெயரிட்டார். அறிவியல் பெயரில் வரும் ‘லூக்கோஸ்டெர்னன்’ என்பதற்கு வெண்மார்பு என்று பொருள். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே, இலங்கையில் அரசுப் பணியிலிருந்த மற்றொரு பென்னெட், ஜான் விட்சர்ச் பென்னெட், இத்தீவின் மீன்களை வண்ணப் படங்களோடு நூலாக்கினார். ‘மைல்ஸ்’ என்னும் சிங்கமீன் 1828இல் அவர் வழியாகவே அறிவியலுக்கு வந்தது. நச்சு முள் விரித்து மிதக்கும் இந்த மீன் இன்று சூயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலுக்குள் புகுந்து பரவுகிறது. இந்துமாக்கடலில் அளவோடு வாழ்வது அங்கே தொல்லையாகிவிட்டது.

ஒட்டியும் ஓராவும் பாசியும் கடற்புல்லும் மேய்பவை. யாழ்ப்பாணச் சமையலில் பெயர்பெற்றவை. துடுப்பு முள் குத்தினால் நெடுநேரம் கடுக்கும்.

கோமாளி மீன்கள் கடற்சாமந்தியின் கொட்டும் இழைகளுக்குள் குடியிருக்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண். அது இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். கருந்துடுப்புக் கோமாளி மீன் மாலைதீவு, இலட்சத்தீவு, இலங்கைக் கடல்களுக்கே உரியது. விரலளவான துப்புரவு மீனின் கதை இதற்கு நேர்மாறு: கூட்டத்தின் ஆண் இறந்தால் மூத்த பெண் ஆணாகும். கலவாயும் அஞ்சாலையும் வாயைத் திறந்து காத்திருக்க, அது உள்ளே நுழைந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும். அதன் உருவத்தையே கொண்ட போலி மீனொன்று நெருங்கி வந்து துடுப்பைக் கடித்துவிட்டு ஓடும்.

கிளாத்திகளில் மிகப் பெரிய இனம் 75 சென்டிமீட்டர் வரை வளரும். முட்டையிட்ட குழிக்கு மேல் யார் வந்தாலும் விரட்டிக் கடிக்கும். சுழியோடிகள் சுறாவைவிட இதற்கே ஒதுங்குவர். புறாத்தீவில் காணப்படும் கருமுனைச் சுறா, அதற்கு மாறாக, மனிதரைக் கண்டால் பொதுவாக விலகிப்போகும்.

தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புச் சூளைகளுக்காக முருகைக்கல் நெடுங்காலம் தோண்டப்பட்டது. கரையோரத்தில் அதைத் தோண்டுவது 1988 சட்டத் திருத்தத்தால் தடைசெய்யப்பட்டது. வெடிவைத்து மீன்பிடித்தலும் சட்டவிரோதமே; ஆயினும் முற்றாக ஒழியவில்லை. வெடி ஒரு நாளின் மீனோடு, மீன் ஒதுங்கும் கல்லையும் சிதைக்கிறது. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவ, பார் ரீஃப் ஆகியவற்றின் ஆழங்குறைந்த முருகைகள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. திருகோணமலைப் பகுதிப் பாறைகள் அந்த ஆண்டு பெரும்பாலும் தப்பின. இம்மீன்களைக் காணக் கிழக்குக் கடல் மே முதல் செப்டம்பர் வரையும், தென்மேற்குக் கடல் நவம்பர் முதல் ஏப்ரல் வரையும் தெளிந்திருக்கும்.