இரு நாடுகளின் அதியுயர் வீர விருதுகளும் யாழ்ப்பாணக் குடாநாடும்

இந்தியாவின் பரம் வீர் சக்ராவும் இலங்கையின் பரம வீர விபூஷணயவும் தத்தம் நாட்டுப் படையினருக்கு வழங்கப்படும் அதியுயர் வீர விருதுகள். 1987 நவம்பருக்கும் 1991 ஜூலைக்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளுக்குட்பட்ட காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதன் வாயிலான ஆனையிறவிலும் நிகழ்ந்த இரு செயல்களுக்காக இவ்விரண்டும் வழங்கப்பட்டன. விருது பெற்றோரின் வீரம் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அச்செயல்கள் நிகழ்ந்த மண் பற்றி விருதுப் பதிவுகள் ஏறக்குறைய எதுவுமே சொல்வதில்லை. அந்த விடுபடல், விருது என்னும் அமைப்பின் இயல்பிலேயே உள்ளது என்றும், அதை ஈடுசெய்வது வரலாற்று மாணவரின் கடமை என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

இவ்விருதுகளின் மூலமாதிரி, 1856இல் பிரித்தானியா நிறுவிய விக்டோரியா சிலுவை. தளபதிக்கும் கடைநிலைச் சிப்பாய்க்கும் ஒரே பதக்கம் என்பது அது கொண்டுவந்த பெரும் மாற்றம். ஆயினும் இந்தியச் சிப்பாய்கள் 1911 வரை அதற்குத் தகுதியற்றவர்களாகவே வைக்கப்பட்டிருந்தனர். சுதந்திர இந்தியா 1950 ஜனவரி 26இல் பரம் வீர் சக்ராவை நிறுவி, 1947 ஆகஸ்ட் 15 முதல் அது செல்லுபடியாகும் என அறிவித்தது. நடுவில் அரச இலச்சினையும் சுற்றிலும் இந்திரனின் நான்கு வச்சிராயுதங்களும் கொண்ட அந்த வெண்கலப் பதக்கத்தை வடிவமைத்தவர், ஐரோப்பாவில் பிறந்து இந்தியரை மணந்த சாவித்திரி கானோல்கர். இதுவரை அதைப் பெற்றோர் 21 பேர். அவர்களில் 14 பேருக்கு இறந்த பின்னரே கிடைத்தது. இலங்கை 1981இல் தன் அதியுயர் விருதை உருவாக்கியது.

1987 ஜூலை 29இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி யாழ்ப்பாணம் வந்த இந்திய அமைதிப்படை, ஒக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்கியது. நவம்பர் 25ஆம் திகதி பின்னிரவில், 8ஆவது மகார் படையணியின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தேடுதல் முடித்துத் திரும்புகையில் அவருடைய அணி பதுங்கித் தாக்கப்பட்டது. அவர் எதிரிகளைப் பின்புறமாகச் சுற்றிவளைத்துப் பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் அவருடைய மார்பில் சுட்டார். பரமேஸ்வரன் அதே துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டு வீழ்த்தினார். உயிர் பிரியும்வரை கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். கொல்லப்பட்டவர்கள் ஐவர் என்றும், கைப்பற்றப்பட்டவை மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ரொக்கெட் ஏவிகளும் என்றும் விருதுப் பதிவு கணக்கிடுகிறது. இந்தியா இலங்கையில் நடத்திய போருக்கு வழங்கிய ஒரே பரம் வீர் சக்ரா இதுதான்.

துப்பாக்கிகளை எண்ணிச் சொல்லும் அப்பதிவு ஊரின் பெயரைச் சொல்லவில்லை. 'இலங்கையில்' என்பதோடு அது நின்றுவிடுகிறது. படைத்துறை வரலாறுகளே கந்தரோடை, உடுவில் பகுதியைக் குறிப்பிடுகின்றன. அதற்கு ஒரு மாதம் முன்னர், ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் அதே அமைதிப்படையினரால் மருத்துவர்களும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதிய 'முறிந்த பனை' அக்காலத்தை ஆவணப்படுத்தியுள்ளது. இரு நிகழ்வுகளும் ஒரே போரின் பகுதிகள். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிடாது. ஆனால் ஒன்றை மட்டும் படிப்பவருக்கு அப்போர் விளங்காது.

1991 ஜூலையில் புலிகள் 'ஆகாய கடல் வெளி' எனப் பெயரிட்டு ஆனையிறவு முகாமை முற்றுகையிட்டனர். 14ஆம் திகதி, இரும்புத் தகடுகள் போர்த்திய புல்டோசர் ஒன்று முகாமை நோக்கி நகர்ந்தது. 6ஆவது சிங்கப் படையணியைச் சேர்ந்த காமினி குலரத்ன கைக்குண்டுகளுடன் ஓடி, அதன் ஏணியில் ஏறி, உள்ளே குண்டெறிந்து அதை நிறுத்தினார், தாமும் மாண்டார். பரம வீர விபூஷணயவை முதலில் பெற்றவர் அவரே. அந்தப் புல்டோசர் இன்று ஏ-9 வீதியோரத்தில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. இங்கே இடம் மறைக்கப்படவில்லை. ஆனால் அச்சமரில் எதிர்ப்புறத்தில் மாண்ட நூற்றுக்கணக்கான இளையோருக்கு அங்கு இடமில்லை. கோப்பாயில் புலிகள் தம் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லம் இடிக்கப்பட்டு, அந்நிலத்தில் 2011இல் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. புலிகளின் மாவீரர் மரபும் தம் தரப்பினரை மட்டுமே போற்றியது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

வீரரை நினைவுகூரும் தமிழரின் பழைய மரபு அரச விருதினின்று வேறுபட்டது. தொல்காப்பியம் நடுகல் எடுப்பதைக் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளாக வகுக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல் சில சொற்களே கொண்டது. அதிலும் ஆநிரை கவரப்பட்ட ஊரின் பெயர் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல், வீரனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. ஆட்சியாண்டு, ஊர், சண்டையின் காரணம், உடன் நின்ற உயிர் எனச் செயலின் சூழலையும் கல் தாங்குகிறது. அரச விருதோ செயலை அதன் சூழலிலிருந்து பெயர்த்தெடுத்துத் தலைநகருக்குக் கொண்டுபோகிறது.

விருதுப் பதிவு வரலாற்று நூலன்று, அதனிடம் இவ்வளவையும் எதிர்பார்ப்பது முறையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஒரு மனிதனின் சில நிமிடங்களைச் சான்றுரைப்பதே அதன் பணி. ஆயினும் அது அவ்வளவில் நிற்பதில்லை. 2023இல் அந்தமானின் 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா பெற்றோரின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆனையிறவுச் சின்னத்தைப் பார்க்கத் தென்னிலங்கையிலிருந்து பஸ்களில் மக்கள் வருகின்றனர். சில வரிப் பதிவுதான் பொதுமக்களின் நினைவில் முழு வரலாறாக மாறிவிடுகிறது. அந்த நிலையில் அதன் விடுபடல்களும் வரலாற்றுப் பிழைகளாகின்றன.

எதிரியை மதிக்கும் முன்மாதிரி இந்தத் தீவிலேயே உண்டு. துட்டகைமுனு தான் வென்ற எல்லாளனுக்கு அனுராதபுரத்தில் நினைவிடம் எழுப்பி வழிபடச் செய்தான் என்றும், பின்வந்த அரசர்கள் அவ்விடத்தைக் கடக்கும்போது வாத்தியங்களை நிறுத்தினர் என்றும் மகாவம்சமே கூறுகிறது. பரமேஸ்வரனதும் குலரத்னவினதும் துணிவை யாழ்ப்பாணத்து ஆய்வாளர் மறுக்க வேண்டியதில்லை. இரு அரசுகளின் விருதுப் பதிவுகள், புலிகளின் வெளியீடுகள், கந்தரோடை, ஆனையிறவு மக்களின் வாய்மொழிச் சான்றுகள் ஆகியவற்றை ஒரே தொகுதியாகத் தமிழிலும் சிங்களத்திலும் பதிப்பிக்க வேண்டும். அக்காலத்தைக் கண்டவர்கள் முதுமையடைந்து வருகின்றனர். இப்பணியை எமது பல்கலைக்கழகங்கள் இனியும் தள்ளிப்போடலாகாது.