பூஞ்சை உயிரணுவின் அகநிலை அளவீடு: சென்னை வாடல் நோய் ஆய்வு முதல் ஒளிர்புரதங்கள் வரை

காரைக்கால் பகுதியில் நெல் அறுவடைக்குப் பின், வயலில் எஞ்சும் ஈரத்தைக் கொண்டு பருத்தி பயிரிடுவர். வேளாண் வழக்கில் இது நெல் தரிசுப் பருத்தி எனப்படும். கடலை ஒட்டிய ஊர்களில் மண்ணின் உவர்ப்பு விதைப்புக்கு முன்பே எழும் சிக்கல். ஆதலால் மண்ணின் பி.எச். மதிப்பை அளத்தல் இங்கு அன்றாடச் செயலாகிவிட்டது. அம்மண்ணில் வாழும் பூஞ்சையின் உயிரணுவுக்குள் நிலவும் பி.எச். என்ன என்னும் வினாவோ நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. அவ்வினாவின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டி. எஸ். சதாசிவன் தலைமையில் பருத்தி வாடல் நோய் ஆராயப்பட்டது. நோய்க்காரணியான ஃபியூசேரியம் பூஞ்சை, ஊடகக் குடுவையில் ஃபியூசாரிக் அமிலத்தைச் சுரப்பது முன்பே அறியப்பட்டிருந்தது. நோயுற்ற செடிக்குள்ளும் அது சுரக்கிறதா? கே. லட்சுமிநாராயணன், டி. சுப்பிரமணியன் ஆகியோர் 1955இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கட்டுரை இவ்வினாவையே தலைப்பாகக் கொண்டிருந்தது. குடுவையில் கண்டதைக் கொண்டு செடியில் நிகழ்வதை ஊகிக்காமல், செடியிலேயே தேடினர்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். சென்னை அறிஞர்கள் அளந்தது நச்சுப்பொருளையே. பூஞ்சையின் உள் பி.எச். மதிப்பை அன்று. ஆகவே பிற்கால ஒளிர்புரத ஆய்வுகளுக்கு அவர்களை நேர்முன்னோடிகள் எனல் மிகையாகும். உயிருள்ள இடத்திலேயே அளக்க வேண்டும் என்னும் நெறியில்தான் இரண்டும் ஒன்றுபடுகின்றன. (அக்கட்டுரை வெளிவந்த காலத்தில், 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், சென்னை வேளாண்துறையின் எல்லைக்கு வெளியே நின்றது. வேளாண் கல்லூரி இங்கு 1987இல்தான் அமைந்தது.)

உள் பி.எச். அளவீட்டின் இடர் என்ன? பூஞ்சையிழைகளை அரைத்து அளந்தால் வாக்குவோலின் அமிலச்சாறு சைட்டோபிளாசத்துடன் கலந்துவிடும். கிடைக்கும் எண் இரண்டுக்கும் உரியதன்று. நுண்மின்முனையைச் செருகுவதற்கு இழையின் பருமன் இடந்தராது. 1982இல் சாண்டர்ஸ், ஸ்லேமன் ஆகியோர் அம்முறையைக் கையாண்டது நியூரோஸ்போராவில். ஒளிர்சாயங்களோ சைட்டோபிளாசத்தில் நில்லாது வாக்குவோலில் சென்று தங்கும் இயல்பின. 2002இல் ஹெஸ்ஸே குழுவினர் அணுக்கரு காந்த ஒத்திசைவு முறையால் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரை ஆராய்ந்தனர். வெளி ஊடகம் 1.5 முதல் 7.0 வரை மாறினும் சைட்டோபிளாசம் 7.6 அளவிலும் வாக்குவோல் 6.2 அளவிலும் நிலைபெற்றிருந்தன. வெளியை அளந்து உள்ளை ஊகித்தல் எத்துணைப் பிழையானது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. எனினும் அவை பெருந்திரளான உயிரணுக்களின் சராசரியே. ஓர் இழையின் நுனி எவ்வாறு உள்ளது என்பதை அவை காட்டா.

அவ்விடைவெளியை நிரப்பும் கருவி சொறிமீனிலிருந்து வந்தது. நம் கரையில் வலையில் சிக்கினால் அரிப்பைத் தரும் உயிரினத்தின் பசிபிக் உறவான ஏக்வோரியா விக்டோரியாவிலிருந்து 1962இல் ஷிமோமுரா குழுவினர் பசும் ஒளிர்புரதத்தைக் கண்டறிந்தனர். 1998இல் மீசன்போக், டி ஆஞ்சலிஸ், ரோத்மன் ஆகியோர் அதனை மாற்றியமைத்துப் பி.எச்.-ஃப்ளூரினை உருவாக்கினர். இதன் ஒருவகையை 395, 475 நானோமீட்டர் அளவிலான இரு ஒளிகளால் தூண்டலாம். அமிலத்தன்மை கூடினால் முதல் ஒளிக்குரிய ஒளிர்வு குறையும், இரண்டாவதற்குரியது மிகும். அளக்கப்படுவது இவ்விரண்டின் விகிதம். எனவே புரதம் ஓரிடத்தில் செறிந்தும் வேறிடத்தில் அருகியும் இருப்பினும் அளவீடு பிறழ்வதில்லை. 2009இல் பாகர் குழுவினர் இப்புரதத்தின் மரபணுவை ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜருக்கு ஏற்பத் திருத்தி, உயிருள்ள இழைகளிலேயே உள் பி.எச். மதிப்பை அளந்தனர்.

வாடல் நோயின் வரலாறு இதனுடன் இணையும் இடம் அண்மைக்காலத்தது. 2023இல் ஸ்பெயினின் கோர்டோபா நகர ஆய்வாளர்கள் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரத்தில் சைட்டோபிளாசத்தின் பி.எச். வீழ்ச்சி, எம்.ஏ.பி. கைனேஸ் சமிக்ஞைகளை விரைந்து மாற்றுவதையும் அது நோயூக்கத் திறனுடன் தொடர்புறுவதையும் காட்டினர். பருத்தியை வாடச் செய்வதும் இவ்வினத்தின் ஒரு வடிவமே. இதனால் உள் பி.எச். என்பது பூஞ்சையின் நிலையை உணர்த்தும் எண் மட்டுமன்று, அதன் செயலைத் திருப்பும் காரணியும் ஆகிறது.

கருவியின் எல்லையும் நோக்கத்தக்கது. மிகு அமிலச் சூழலில் இப்புரதத்தின் உணர்திறன் குன்றும். அதனினும் பெரிய தடை, மரபணு செலுத்தப்பட்ட பூஞ்சையில் மட்டுமே இது ஒளிரும் என்பது. காரைக்கால் வயலில் வாடிய ஒரு செடியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையை அப்படியே நுண்ணோக்கியின் கீழ் வைத்து அளக்க இயலாது. அதனுள் முதலில் அயல் மரபணுவைச் செலுத்த வேண்டும். அதற்கு 1989ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவன உயிரியப் பாதுகாப்புக் குழுவின் கண்காணிப்பும் வேண்டும். மரபணு மாற்றம் பெற்ற பின் அப்பூஞ்சை வயலுக்குத் திரும்பவும் கூடாது. செடிக்குள்ளேயே தேடுக என்ற 1955ஆம் ஆண்டின் நெறியை இன்றைய முறை உயிரணு அளவில் நிறைவேற்றுகிறது. ஆனால் வயலில் வளரும் செடியில் அன்று, ஆய்வகத்தில் அடைபட்ட செடியில்.