ஆரும் வெரட்டுதாவளா? – புன்னக்காயல் மணலில் சில எண்ணங்கள்

பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 128 கிலோமீட்டர் வந்த பொருநை, கடலோடு கலக்குமிடம் புன்னக்காயல். அம்முகத்துவாரத்தில் தொடங்கி, தெற்கே காயல்பட்டினத் திசையில் நாம் நாள்தோறும் விடியலில் ஓடத் தொடங்கி இரண்டாண்டுகள் ஆகின்றன. முதல் நாள் வலை பழுதுபார்த்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்திப் பின்புறம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன சார், ஆரும் வெரட்டுதாவளா?"

இல்லை என்றோம். "பெறகு எதுக்கு ஓடுதிய?" இரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது என்று விளக்கினோம். அவர் முகத்தில் நம்பிக்கை தோன்றவில்லை. கடலுக்குப் போய்வருவோருக்குக் காரணமின்றி ஓடுவது விளங்காத செயல்தான். எனினும் அவரது முதற்கேள்வி அன்றோடு நம்மை விட்டு அகலவில்லை. இக்கரையில் விரட்டியோரும் விரட்டப்பட்டோரும் உண்டு. விரட்டுவார் எவருமின்றியே ஓடிக்கொண்டிருந்தவர் ஒருவரும் உண்டு.

1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரைத் தேர்ப்பவனியிலும் சுருபத்திலுமே நாம் கண்டு பழகியிருக்கிறோம். அவருடைய கடிதங்களில் தெரிபவர் வேறொரு மனிதர். மணப்பாடு, ஆலந்தலை, திருச்செந்தூர், வீரபாண்டியன்பட்டினம், புன்னக்காயல், தூத்துக்குடி என்று ஓரிடத்தில் தங்காமல் நடந்தும் தோணியேறியும் அலைந்த நாற்பதை எட்டாத ஒருவர். களைப்பு, எரிச்சல், அவசரம், அவற்றினிடையே எதிர்பாராத நகைப்பு ஆகிய யாவும் அவற்றில் உண்டு. காலையோட்டத்தை முடித்து மூச்சிரைக்க உட்கார்ந்திருக்கும் வேளையில் படிக்க இவற்றினும் பொருத்தமான எழுத்தை நாம் கண்டதில்லை.

வந்த புதிதில் சிறுவர்கள் அவரை உண்ணவிடவில்லை, உறங்கவிடவில்லை, செபப் புத்தகத்தைத் திறக்கவும் விடவில்லை. ஏதேனுமொரு செபம் சொல்லித் தந்தாலன்றி நகர மறுத்தனர். பின்னர் நோயாளிகளின் வீடுகளிலிருந்து அழைப்புகள் குவிந்து, தாம் ஒருவராகப் போய்த் தீராது என்றானபோது, அச்சிறுவர்களையே வீடுவீடாக அனுப்பினார். அவர்கள் ஓடிப்போய் வீட்டாரைக் கூட்டிச் செபம் சொல்லிவர, அவர் மூச்சு விட்டுக்கொண்டார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்ததையும், திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் போனதையும் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதினார். நம் வகுப்பறைகளில் ஐந்தாவது பாடவேளை முடித்த எவருக்கும் அவ்வரிகள் அயலானவை அல்ல.

அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழி அறிந்தவர்களை அருகிருத்திப் பலநாள் பாடுபட்டுச் செபங்களைப் பெயர்த்து, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு ஊரைச் சுற்றிவந்து, கூடியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இங்கேதான் நகைச்சுவை பிறக்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் நுழைந்திருந்தது! 1544-இல் தம் உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அப்பிழையைத் திருத்துகிறார்: 'வேணும்' என்பது விரும்புகிறேன் என்றாகும், 'விசுவாசம்' என்பதே வரவேண்டும். அதற்குமுன் இக்கடற்கரையில் எத்தனை மாலைகளில் எத்தனை பிள்ளைகள் உரத்த குரலில், கடவுளை நம்புவதற்குப் பதிலாக வேண்டும் என்று கேட்டிருப்பார்கள்!

தமிழ் கற்பிக்கும் நமக்கு முதலில் சிரிப்பே வந்தது. பிறகொரு நாள் ஈரமணலைவிட்டு விலகி, கால் புதையும் பொதிமணலில் ஓட நேர்ந்தது. அன்று அச்சிரிப்பு சற்றே மாறிற்று. நாமும் 'வேணும்' என்றுதான் இங்கு வந்தோம். சர்க்கரை குறைய வேணும், தொப்பை கரைய வேணும். நம்பிக்கை என்று சொல்லத்தக்க ஏதும் அன்று நம்மிடம் இருக்கவில்லை. கால்கள் மட்டும் நாள்தோறும் வந்தன. பிழையான சொல்லைச் சொல்லிக்கொண்டே சரியான இடத்தை நோக்கி நடக்க முடியும் என்பதற்கு அப்பிள்ளைகளே சாட்சி என்று இப்போது எண்ணுகிறோம். இலக்கண ஆசிரியர் ஒருவர் இவ்வாறு எழுதுவது முறையன்று, நண்பர்கள் பொறுத்தருள்க.

மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்கள் இருபதுக்கும் மேற்பட்டவை. 1544 பிப்ரவரியில் சவேரியார் புன்னக்காயலில் இருந்தார், மான்சிலாஸ் மணப்பாட்டில். மான்சிலாசுக்கு இலத்தீன் வரவில்லை, பொறுமையும் எளிதில் வரவில்லை. இம்மக்களோடு தந்தை பிள்ளைகளிடம் நடப்பதுபோல் பொறுமையாக நடந்துகொள்ளும்படியும், நினைத்ததையெல்லாம் செய்ய முடியாவிடில் முடிந்ததோடு நிறைவடையும்படியும் சவேரியார் அவரைத் திரும்பத் திரும்பத் தேற்றுகிறார். ஓரிடத்தில், உத்தரிக்கும் ஸ்தலத்தில் பாவக்கடன் தீர்த்துக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளும் என்கிறார். அவர் இதை வேடிக்கையாகச் சொன்னாரா என்பது அறிஞர் ஆராயட்டும். மே மாத வெயிலில் காலை ஒன்பது மணிக்கு இம்மணலில் கால்வைத்தவருக்கு அப்படி எண்ணிக்கொள்ளப் பெரிய கற்பனை ஏதும் தேவையில்லை.

பெரியவரின் கேள்விக்கு நேரான விடை அவ்வாண்டு ஜூனில் கிடைக்கிறது. வடுகர் படை குமரிமுனைப் பரதவர்கள்மீது பாய்ந்தது. உயிர்தப்பியவர்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி, உணவும் நீருமின்றித் தவித்தனர். அவர்கள் உண்மையாகவே விரட்டப்பட்டவர்கள். சவேரியார் இருபது தோணிகளில் உணவேற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். காற்று எதிர்த்தது. எட்டு நாள் கடலில் போராடியும் குமரியை அடைய இயலவில்லை. திரும்பிவந்தவர் தரைவழியே நடந்து போனார். எதிர்காற்றில் நூறடி ஓடிவிட்டு, 'இன்று காற்று சரியில்லை' என்று வீடு திரும்பிய காலைகள் நமக்குப் பல. அப்போதெல்லாம் அந்த எட்டு நாள் நினைவுக்கு வந்து தொலைக்கும்.

புன்னக்காயலைத் தமிழ் அச்சு வரலாற்றோடு இணைத்த அன்றீக்கு அடிகளார் 1547-இல் இக்கரைக்கு வந்தவர். மொழிபெயர்ப்பாளர் துணையை உதறி, தமிழை இலக்கணத்தோடு கற்றார். சபையார் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் தண்டனை என்ற கட்டுப்பாட்டையும் வைத்திருந்தனர். 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' அவருடையது. 1586-இல் அச்சான 'அடியார் வரலாறு' இவ்வூரிலேயே அச்சேறியது என்பது பலரது கருத்து. அவரைப் பற்றித் தனியே எழுதவேண்டும். இக்கட்டுரை ஓட்டத்தைப் பற்றியது.

நம் மனம் தங்கியிருப்பது மான்சிலாசிடம். பொறுமையைக் கடிதம் கடிதமாகக் கற்பித்த சவேரியார் பின்னர் அவரை மலுக்குத் தீவுகளுக்கு வரும்படி பணித்தார். அவர் போகவில்லை. 1548-இல் சபையிலிருந்து நீக்கப்பட்டார். பொறுமைக்கும் ஓர் எல்லை இருந்தது போலும். நாம் இதில் யார் பக்கம் என்பதை இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. நாள்தோறும் ஓடும்போது பாதித்தொலைவு வரை ஒருவர் பக்கமும், திரும்பும் வழியில் மற்றவர் பக்கமும் இருக்கிறோம். ஆனால் அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தவர் நீக்கப்பட்ட அம்மனிதரே. சவேரியார் இறந்தபின் 1550-களின் பிற்பகுதியில் கொச்சியில் விசாரணை நடந்தபோது, அவரைப் பற்றி நல்ல சாட்சியமும் அளித்தார். 'வேணும்' என்ற பிழையின் கதை இன்று நமக்குத் தெரிவது, அவர் அத்தாள்களைக் கிழித்தெறியாததால்தான்.

சென்ற வாரம் இதை வலைப்பெரியவரிடம் சுருக்கமாகச் சொன்னோம். ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் நிமிர்ந்து, "அவுக சோறு கொண்டுபோவ ஓடுனாவ. நீங்க தின்ன சோறு செமிக்க ஓடுதிய. போயி டீயக் குடிங்க சார்" என்றார். சர்க்கரை இல்லாமல்தான் குடித்தோம்.