எய்ட்ஸ் கிருமியை இந்தியாவில் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன்

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை வட்டார மக்களுக்கு வேலூர் என்றதும் கோட்டைக்கு முன்பாக நினைவுக்கு வருவது சி.எம்.சி. மருத்துவமனைதான். உள்ளூர் மருத்துவர் கைவிரித்துவிட்டால் போளூர் வழியாக வேலூருக்குப் பேருந்து ஏறுவது நம் வழக்கம். அந்த மருத்துவமனைக்கு 1986 பிப்ரவரியில் சென்னையிலிருந்து ஓர் இளம் மருத்துவர் தம் கணவருடன் ஓர் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்தார். இரவு ரயிலில் காட்பாடி வரை வந்து, அங்கிருந்து ஆட்டோவில் வந்து சேர்ந்தனர். பெட்டிக்குள் இருந்தவை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் மாதிரிகள். இந்தியாவுக்குள் எய்ட்ஸ் கிருமி நுழைந்துவிட்டது என்பதை முதன்முதலில் காட்டியவை அவையே. பெட்டியைக் கொண்டுவந்தவர் டாக்டர் செல்லப்பன் நிர்மலா. அவரை இந்த ஆய்வில் ஈடுபடுத்தியவர் அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன்.

சுனிதி சென்னையில் தோல் வணிகம் செய்துவந்த கெய்டொண்டே என்னும் மராட்டியக் குடும்பத்தில் பிறந்தவர். (ஆம்பூர், வாணியம்பாடியில் உறவு வைத்திருப்போருக்குத் தோல் வணிகக் குடும்பங்களைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை.) எட்டுப் பிள்ளைகளில் அவர் ஒருவரே பெண். ஆண்டுதோறும் தடுப்பூசி போட வீட்டிற்கு வந்த சுகாதார அதிகாரியைப் பார்த்துத்தான் அவருக்கு மருத்துவத்தின் மீது நாட்டம் பிறந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நோயியல் பயிற்சி பெற்றார். தம் உழைப்பு இந்நாட்டிற்கே அதிகம் தேவை என்று கருதி 1973இல் கணவர் டாக்டர் விக்டர் சாலமனுடன் தாயகம் திரும்பினார். பிறகு நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் பெற்று, தாம் பயின்ற கல்லூரியிலேயே பேராசிரியையாக உயர்ந்தார்.

1985ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பட்ட ஆய்வுக்குப் பொருள் தேடிய நிர்மலாவிடம் எய்ட்ஸ் கிருமி தமிழகத்தில் உள்ளதா என்று தேடிப் பார்க்கும்படி சுனிதி கூறினார். அக்காலத்தில் இதை மேலை நாட்டாரின் ஒழுக்கக்கேட்டால் வந்த நோய் என்றே நம் பத்திரிகைகள் எழுதிவந்தன. நம் குடும்ப அமைப்பு நம்மைக் காத்துவிடும் என்று படித்தவர்களும் நம்பினர். நோய்க்கிருமி எவருடைய பண்பாட்டையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பதை சுனிதி அறிந்திருந்தார்.

நிர்மலாவோ அடக்கமான குடும்பச் சூழலில் வளர்ந்தவர். பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களை எங்கே தேடுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. அரசுப் பொது மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற சில பெண்களோடு பழகி, அவர்கள் வழியாகக் காவலில் வைக்கப்பட்ட பெண்கள் தங்கியிருந்த அரசு இல்லத்தை அறிந்து, மூன்று மாதங்கள் இரத்தம் சேகரித்தார். கையுறை கூட இல்லை. சீரத்தைப் பிரித்துத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்று அப்பெண்களிடம் சொல்லப்படவில்லை. இன்றைய மருத்துவ நெறி இதை அனுமதிக்காது. அனுமதிக்கக் கூடாது என்பதே என் கருத்தும். எளியவர் என்பதற்காக ஒருவருடைய உடல் மீதான உரிமை குறைந்துவிடாது.

எலைசா பரிசோதனை வசதி அன்று சென்னையில் இல்லை. எனவேதான் வேலூர்ப் பயணம். அங்கே பேராசிரியர் ஜேக்கப் ஜான் தலைமையிலான வைரஸ் ஆய்வுத் துறையில் சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறின. அந்த ஆறு பெண்களிடமும் மீண்டும் இரத்தம் எடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று சோதித்தபோது முடிவு உறுதியானது. 1986 மே மாதம் அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார்.

இத்தோடு நின்றிருந்தாலும் வரலாற்றில் சுனிதியின் பெயர் இருந்திருக்கும். ஆனால் நோயாளிகளை மருத்துவர்களே தொட அஞ்சிய அந்நாட்களில் அவர் ஆய்வகத்திலிருந்து நோயாளிகளிடம் சென்றார். இந்நோயாளிகளோடு அவர் பணிபுரிவதைக் கணவரே முதலில் விரும்பவில்லை. அவர்களுடைய கதைகளைக் கேட்டால் உங்கள் எண்ணம் மாறும் என்று சுனிதி சொன்னாராம். 1993இல் தம் தந்தையின் பெயரால் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைச் சென்னையில் நிறுவினார்.

அங்கே சிகிச்சைக்கு வந்த 134 பெண்களைப் பற்றிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் தம் கணவரைத் தவிர வேறு ஆடவரை அறியாதவர்கள். நிகாஹ் ஒன்றே அவர்களுக்கு நோய் வந்த வழி!

நம் குடும்பங்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ஒரு பெண்ணுக்கு இந்நோய் என்று தெரிந்ததும் அவள் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு வீட்டுத் திண்ணையிலேயே தொடங்கிவிடுகிறது. அய்யூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற நாம், நோயைக் குற்றத்தின் அடையாளமாக்குவது எப்படி? பிறர் குறையை மறைப்பது நபிவழி. நோயாளி நம்மிடம் சொன்ன செய்தி அமானிதம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் ஒருவருடைய நோய் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஒரே ஸஹனில் உண்பதாலோ, ஸலாம் சொல்லிக் கைகொடுப்பதாலோ இக்கிருமி பரவாது. மய்யித்தைக் குளிப்பாட்டுவோர் கையுறை அணிந்து, வழக்கமான தூய்மையைப் பேணினால் போதும். இந்நோயைக் காரணம் காட்டி அக்கடமையை மறுக்க இடமில்லை. மாப்பிள்ளை வீட்டாரின் சொத்தையும் சம்பளத்தையும் விசாரிக்கும் பெற்றோர், இரு தரப்பாரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும்? அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் அது இலவசம்; முடிவும் இரகசியமாக வைக்கப்படும்.

தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்தால் மற்றவரைக் காக்க இயலுமா என்று 9 நாடுகளில் 1,763 தம்பதியரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சுனிதியின் மையமும் அதில் பங்கேற்றது. மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் துணைவருக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்ற முடிவு 2011இல் வெளியானது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதையும் முறையான சிகிச்சையால் 5 விழுக்காட்டிற்கும் கீழே கொண்டுவர முடிகிறது.

மருந்து உயிரைக் காத்தது. தனிமை மட்டும் எஞ்சியது. கிருமி உள்ள இளைஞர்களும் இளம் விதவைகளும் மணவாழ்வை விரும்பி அவரிடம் வந்தனர். கல்வி, குடும்பம், உடல்நிலை அனைத்தையும் பார்த்து, கிருமி உள்ளவர்களுக்குள்ளேயே வரன் பார்த்துக் கொடுத்தார் அந்தப் பேராசிரியை. ‘லவ்சிக்’ என்னும் ஆவணப்படம் இப்பணியைப் பற்றியதே.

2009இல் மத்திய அரசின் தேசியப் பெண் உயிரியல் விஞ்ஞானி விருது அவருக்குக் கிடைத்தது. 2015 ஜூலை 28 அன்று கணையப் புற்றுநோயால் சென்னையில் காலமானார். 2017இல், மறைவுக்குப் பின், பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வேலூருக்குப் பெட்டி கொண்டுசென்ற நிர்மலா கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் தடுப்பூசித் தயாரிப்புப் பணியில் சேர்ந்து, 2010இல் ஓய்வு பெற்றார்.